கரண்ட் வந்ததும் பூசை

எங்கள் தெருக்கோடி மாரியம்மனுக்கு மணி அடித்தது, முன்பு ரைஸ் மில்லில் தவிடு ஊதிக்கொண்டிருந்த ஓர் அரைக் குதிரைசக்தி மோட்டார். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மெஷின் அடிக்கிற மணியில் பக்தி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தம் வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கோயில் மணியைக் கையில் எடுத்து அடித்தவர்கள் இல்லை. நான் அடித்திருக்கிறேன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

செஞ்சியில், வல்லம் போகிற பக்கம், வீடுகள் முடிந்து கொல்லைகள், அதாவது பயிர் நிலங்கள், தொடங்குகிற இடத்தில் அந்தக் கோயில். ஒரு கருவறை, அதற்கு முன்னால் தகரம் போட்ட மண்டபம், பக்கத்தில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான். பின்னால் கோயில் கிணறும் அதற்கு ஒரு மோட்டார் கொட்டகையும். என் நைனாதான், அதாவது அப்பாதான், பூசாரி. பங்காளிகளுக்குள் முறை வைத்துச் செய்கிற பூசைதான் என்றாலும், நைனாவின் தம்பி முறையான சித்தப்பாவுக்கு அப்போது பெங்களூரில் வேலை இருந்ததால், பல வருடமாகச் சாவி நைனாவின் இடுப்பிலேயே இருந்தது. ஒரு சாண் நீளச் சாவி. குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் நைனாவுக்கு வாதம் வந்தது. பேச்சு பிழைத்தது, கால் பிழைத்தது, ஆனால் இடது கை மட்டும் போய்விட்டது. தோளிலிருந்து தொங்கும். தூக்கச் சொன்னால் முகம் சிவக்குமே தவிரக் கை எழும்பாது.

பூசாரிக்கு இடது கை எதற்கு என்று நினைக்கலாம். வலது கையில் கற்பூரத் தட்டு, இடது கையில் மணி. இரண்டும் சேர்ந்தால்தான் எங்கள் பக்கத்தில் அது பூசை. மணிச் சத்தம் இல்லாமல் தீபம் காட்டினால், இருட்டுக்கு விளக்கு ஏற்றியது போலத்தான் பார்ப்பார்கள். யாரும் கையெடுத்துக் கும்பிட மாட்டார்கள்.

எனக்கு அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கடைவீதியில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். ஹையர் பரீட்சைக்குப் போகிற வயது. ஆகவே மணி என் கைக்கு வந்தது. கருவறை வாசலுக்கு வெளியே நின்று நான் அடிப்பேன், உள்ளே நைனா தீபம் காட்டுவார். முதல் மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது மாதம்தான் எனக்கே புரிந்தது, நான் எப்படிப்பட்ட வலையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. மாதத்தில் மூன்று நாள் நான் கோயில் பக்கம் போகக் கூடாது. அந்த மூன்று நாளும் மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டால், ஏன் அடிக்கவில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். என் உடம்பின் கணக்கைத் தெருவுக்கே அறிவிக்கிற மணி அது. "இன்னா பாப்பா, இந்த வாட்டி ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுச்சி போல?" என்று பம்படியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். குடத்தை அவள் தலையில் போடாமல் வந்தது என் பெருந்தன்மை.

இதற்குள் சித்தப்பா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். கோயிலுக்குப் பின்னால் அவருக்கும் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போட்டது, இருந்தது. இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஆள். ஊர்ப் பெரியவரிடம் போய், அண்ணனுக்கு முடியவில்லை, சாவியை என்னிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார். பெரியவர் கோயில் காரியங்களை எல்லாம் பார்ப்பவர், நியாயமானவர்தான். ஆடி வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் அண்ணன் தனியாகப் பூசை பண்ணுகிற மாதிரி ஆனால் சரி, இல்லாவிட்டால் சாவி கைமாறட்டும் என்று சொல்லிவிட்டார்.

நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாவி போனால் வருமானம் போகும் என்பதல்ல அவர் துக்கம். அந்தக் கோயிலில் வருமானம் என்று பெரிதாக என்ன இருந்தது. "நான் இல்லாம அவ எப்படி இருப்பான்னு பாக்கறேன்" என்றார், அம்மனைப் பற்றி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திண்டிவனம் பக்கம் ஒரு பெரிய கோயிலில், மோட்டார் வைத்து மேளமும் மணியும் தானாக அடிக்கிற ஒரு மெஷினை நான் பார்த்திருந்தேன். பட்டணத்திலிருந்து வரவழைத்தது என்றார்கள். அதை வாங்க எங்கள் கோயிலால் ஆகாது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு மோட்டார் பாய் இருந்தார்.

மோட்டார் பாய் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி, பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் மாட்டுவண்டியிலோ பஸ் மேலோ ஏற்றி அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கடை எப்போதும் வார்னிஷ் வாசனையாக இருக்கும். அவர் அதிகம் பேச மாட்டார். மோட்டார் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிடுச்சி" என்று ஒரே வார்த்தை சொல்வார். அது சரியாகத்தான் இருக்கும்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த செம்புக் கம்பியைச் சுற்றி முடித்தார். பிறகு, "அந்த மெஷின நான் பாக்கணும்" என்றார்.

மறுநாளே பஸ் ஏறிப் போயிருக்கிறார். கோயில் மண்டபத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்று, உச்சிக்காலப் பூசையைப் பார்த்துவிட்டு, சாயங்காலப் பூசை வரை அங்கேயே இருந்து மறுபடி பார்த்துவிட்டுத் திரும்பினார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இதுதான். "செய்யலாம்மா. ஆனா அது சும்மா தடதடன்னு அடிக்குது. அண்ணன் அப்படி அடிக்க மாட்டாரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எப்போது நைனா மணி அடித்துக் கேட்டார்? பிறகுதான் தெரிந்தது, எங்கள் கோயில் மணிச் சத்தம் சாயங்காலத்தில் அவர் வீடு வரைக்கும் போகுமாம். இத்தனை வருடம் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து நைனாவின் எதிரில் உட்கார்ந்தார். "அண்ணே, வலது கையால ஒரு வாட்டி அடிச்சிக் காட்டுங்க" என்றார்.

நைனாவுக்கு அப்போது மெஷின் மேல் நம்பிக்கை இல்லை. "இன்னா பாய், மெஷின் போய் ஆத்தாளக் கும்புடுமா?" என்றார்.

"மெஷின் எங்கண்ணே கும்புடும்? எங்க பள்ளிவாசல்ல மைக் செட் வெச்சப்பவும் இதத்தான் கேட்டாங்க. மைக் தொழாது. கூப்புடும். தொழறது நாமதான். இதுவும் கூப்புட்டும். கும்புடறத நீங்க பாத்துக்குங்க."

நைனா வலது கையில் மணியை எடுத்தார். இரண்டு தடவை இழுத்து, மூன்று தடவை வேகமாக, பிறகு ஒரு சின்ன நிறுத்தம். அதுதான் நைனாவின் தாளம். பாய் தன் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். மறுபடி அடிக்கச் சொன்னார். நாலைந்து தடவை ஆனது. "அண்ணன் அடிக்கற மாதிரியே இருக்கணும். இல்லாட்டி அந்தம்மா வேற யாரோ வந்துட்டாங்கன்னு நெனச்சிக்கும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் டைப்ரைட்டிங் முடிந்ததும் பாய் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். ரைஸ் மில்லிலிருந்து வந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்த மோட்டாரைத் துடைத்துக் காயில் மாற்றினார். சைக்கிள் செயினும் பல்சக்கரமும் போட்டு அதன் வேகத்தைக் குறைத்தார். ஒரு வட்ட இரும்புத் தகட்டின் விளிம்பில், நைனாவின் தாளத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அவ்வளவு விட்டு விட்டு, போல்ட்டுகளை வெல்டிங் வைத்தார். தகடு சுற்றும்போது ஒவ்வொரு போல்ட்டும் ஒரு நெம்புகோலைத் தட்டும், நெம்புகோல் மணியை இழுக்கும். மேளத்துக்கு வேறொரு தகடு. குச்சியின் நுனியில் சைக்கிள் டியூப் சுற்றினார், தோல் கிழியாமல் இருக்க.

பூசை முடிந்ததும் அதைப் போய் நிறுத்த நைனாவுக்குக் கை ஏது? அதற்கும் ஒரு வழி வைத்தார். ஒரு நீளமான திருகுக் கம்பியில் ஒரு நட்டு. மோட்டார் சுற்றச் சுற்ற நட்டு மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். கம்பியின் கடைசியில் ஒரு சுவிட்சைத் தட்டும், எல்லாம் நின்றுவிடும். அடுத்த பூசைக்கு முன்னால் நட்டைத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்துவிட்டால் போதும். கம்பி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு அவர் கண்டுபிடித்த அளவு என்ன தெரியுமா? கடை மேசை மேல் ஒரு கற்பூரக் கட்டியைக் கொளுத்தி வைத்துவிட்டு, அது எரிந்து அணைகிற நேரத்துக்கு நட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார். எதிர்க்கடைக்காரர், "இன்னா பாய், கடையில பூசையா?" என்று கத்தினார். பாய் இன்னொரு கட்டியைக் கொளுத்தினார். முதல் கட்டி சின்னதாகப் போய்விட்டதாம். நான் அந்த மனிதரை அன்றைக்கு வியந்து பார்த்த மாதிரி, பிற்பாடு எத்தனையோ பெரிய படிப்புப் படித்தவர்களைப் பார்த்ததில்லை.

ஆனிக் கடைசியில் மெஷின் மண்டபத்துக்கு வந்தது. கோயில் கிணற்று மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்தார். கருவறை வாசல் ஓரத்தில், நைனாவின் முழங்கை உயரத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். பாய் கருவறைக்குள் வரவில்லை. யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை, அவராகவே வரவில்லை. பொத்தானுக்கு எவ்வளவு உயரம் என்று பார்க்க, நைனாவை நிற்க வைத்து வெளியிலிருந்தே கண்ணால் அளந்தார்.

முதல் சாயங்காலம் தெருவே வந்திருந்தது. நைனா கற்பூரத்தை ஏற்றி, தட்டை வலது கையில் எடுத்து, வலது முழங்கையால் பொத்தானை அழுத்தினார். இரண்டு இழுத்து, மூன்று வேகமாக, ஒரு நிறுத்தம். மேளமும் சேர்ந்துகொண்டது. நைனாவின் கைதான் எங்கேயோ மறைந்திருந்து அடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அழுகை வந்துவிட்டது, முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல் அப்படியே தீபம் காட்டினார். கற்பூரம் அணைகிற நேரத்துக்குச் சரியாக மணி நின்றது. பெரியவர் தலையை ஆட்டினார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பம்படிக்காரியைப் பார்த்து நான் சிரித்தேன், வேண்டுமென்றேதான்.

ஒரு வாரம் ராஜாங்கம் நடந்தது. அப்புறம்தான் பாய் பண்ணியிருந்த காரியம் தெரிந்தது.

அவருக்கு மோட்டார் என்றால் கிணற்று மோட்டார்தான். கிணற்று மோட்டார் என்றால் த்ரீ பேஸ். எங்கள் பக்கத்தில் விளக்கு எரிகிற கரண்ட் எப்போதும் இருக்கும், அல்லது அடிக்கடி இருக்கும். த்ரீ பேஸ் அப்படி அல்ல. விவசாயத்துக்கு முறை வைத்து விடுவார்கள். ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் சாயங்காலத்தில், அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது. மெஷின் வந்த வாரம் எங்கள் பக்கத்துக்குச் சாயங்கால முறை, நைனா வந்து நட்டைத் திருப்பி வைப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டிருக்கும். அதனால்தான் எல்லாம் அழகாக நடந்தது. மறுவாரம் முறை மாறியது. சாயங்காலம் நைனா முழங்கையால் அழுத்து அழுத்தென்று அழுத்துகிறார், மெஷின் கம்மென்று இருக்கிறது. பழையபடி நான் ஓடிப்போய் மணியை எடுத்தேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாய் கடையிலிருந்து ஆட்டோ சுவிட்ச் இல்லாமல் ஒரு ஸ்டார்ட்டரும் வெளியே போனது கிடையாது. கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டார் தானாக எடுத்துக்கொள்வதற்காக வைக்கிற சுவிட்ச் அது. கை பழக்கத்தில் அம்மன் மெஷினுக்கும் வைத்துவிட்டார். விளைவு, மறுநாள் காலை பத்தரை மணிக்கு, கோயில் பூட்டியிருக்கிறது, நைனா வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார், மாரியம்மன் கோயிலில் மேளமும் மணியும் வெளுத்து வாங்குகின்றன.

நைனா கூழை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். அம்மன் முன்னால் மணி அடித்துவிட்டால் தீபம் காட்டியே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. நட்டு கடைசிக்குப் போவதற்குள் கதவைத் திறந்து, கற்பூரம் ஏற்றி, மூச்சு வாங்க நின்றார். மத்தியானம் கரண்ட் போய், மூன்று மணிக்குத் திரும்ப வந்தது. மறுபடி மணி. மறுபடி ஓட்டம். அந்த வாரம் முழுக்க இதே கதை.

"நைனா, அந்த நட்டத் திருப்பி வெக்காம உட்டுடு. அப்பறம் எப்படி அடிக்கும்?" என்றேன்.

"ஆத்தா வாய அடைக்கச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தார். மெஷினை நம்பாமல் இருந்த மனிதர் அவர்.

நான் நேராகப் பாய் கடைக்குப் போய்க் கத்தினேன். எனக்கு அந்த வயதில் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும். "பூசைன்னா நேரத்துக்கு நடக்கணும் பாய், ஒங்க கரண்ட் வர்றப்ப நடக்கறதா பூசை? எங்க நைனா ஓடி ஓடியே சாவப் போறாரு" என்றேன். அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டார். முகம் வாடிப் போயிற்று. "தப்பு என்னுதும்மா. மோட்டார்னா எனக்கு த்ரீ பேஸ்தான் கண்ணுக்குத் தெரியும். பூசைக்கு நேரம்னு ஒண்ணு இருக்குது, அது எனக்குத் தோணல" என்றார். வீட்டு கரண்டில் ஓடுகிற மாதிரி வேறு மோட்டார் தேடி மாற்றித் தருவதாகச் சொன்னார். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் எங்களுக்கு நாள் இல்லை. ஆடி பிறந்துவிட்டது. பூசையில்லாத நேரத்தில் மணி அடிப்பது ஊருக்கு ஆகாது என்று சித்தப்பா பெரியவரிடம் போய்ச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் கூட்டம் வைத்துவிட்டார்கள்.

இந்த நாட்களில் ஒன்றை நான் கவனித்தேன். காலையில் கண்ட நேரத்தில் மணி அடிக்கும்போது, தெருவில் ஆட்கள் ஓடுவார்கள். எங்கள் கோயிலுக்கு அல்ல, கொல்லைப் பக்கம். ஓடுகிறபோதே கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. மோட்டார் தானாக எடுத்துக்கொண்டாலும், மடையைத் திருப்பிவிட ஆள் போக வேண்டும். போகாவிட்டால் தண்ணீர் பக்கத்துக்காரன் கொல்லைக்குப் போய்விடும். முன்பெல்லாம் கரண்ட் எப்போது வரும் என்று கிணற்றடியிலேயே ஒருவர் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது வீட்டில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கலாம். கரண்ட் வந்தால் அம்மன் சொல்லிவிடுவாள். கோயில் வாசலையே மிதிக்காத ஒருவர், முதல் பறிப்பு என்று ஒரு முறம் கத்தரிக்காயைக் கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். அம்மனுக்கு முன்னால் அல்ல, மெஷினுக்கு முன்னால். இதில் நமக்கு என்ன லாபம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் இருந்த கோபத்தில் அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இரண்டு நாளாகத் த்ரீ பேஸ் வரவே இல்லை. எங்கேயோ லைனில் கோளாறு. மழையும் இல்லை. மல்லாட்டைச் செடி காலையிலேயே தலையைத் தொங்கப் போட்டிருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கவலையோடுதான் வந்து உட்கார்ந்தார்கள். பாயும் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல வந்தவர், சொல்லியும் விட்டார். பெரியவர் கேட்டுக்கொண்டார்.

பிறகு சித்தப்பா எழுந்தார். "மணிய மெஷின் அடிக்குது. மெஷின் அடிக்காட்டி பொண்ணு அடிக்குது. எங்க அண்ணன் இன்னா பண்றாரு? அதச் சொல்லட்டும்" என்றார்.

அந்த வார்த்தையில் நைனா ஒரு சுற்று இளைத்துப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் எழுந்து பேச வாயைத் திறந்தேன். நைனா கண்ணாலேயே என்னை உட்கார வைத்தார். பிறகு வலது கையால் இடுப்பில் துழாவி, சாவியை எடுத்தார். நடுவில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அதில் வைத்தார். உலோகத்தில் உலோகம் படுகிற அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"எடுத்துக்கோ" என்றார் சித்தப்பாவிடம். "காலையில அவளுக்குப் பால் ஊத்தறது மட்டும் மறந்துடாத. நான் ஒரு நாளும் மறந்ததில்ல."

பெரியவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சித்தப்பா முன்னால் வந்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மணி அடித்தது.

இரண்டு இழுத்து, மூன்று வேகமாக, ஒரு நிறுத்தம். மேளம் சேர்ந்துகொண்டது. ஒரு விநாடி யாரும் அசையவில்லை. அடுத்த விநாடி வேப்பமரத்தடியே எழுந்துவிட்டது. இரண்டு நாள் காத்திருந்த கரண்ட். வேட்டியை மடித்துக் கட்டுகிறவர்கள், துண்டை உதறுகிறவர்கள், செருப்பு கிடைக்காமல் வெறுங்காலோடு போகிறவர்கள், எல்லாரும் போகிற போக்கில் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார்கள். பெரியவருக்குக் கோயிலுக்குப் பின்னாலேயே பெரிய கிணறு, அங்கே ஐந்து குதிரைசக்தி மோட்டார். அவர் வயதுக்கு அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. தட்டை விட்டுவிட்டார்.

சித்தப்பா மட்டும் நின்றார். கீழே தட்டில் சாவி. பின்னால் அவருடைய மல்லாட்டைக் கொல்லை. சாவியைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். அதற்குள் அவருடைய கொல்லைக்கு மேல்பக்கத்துக் கொல்லைக்காரர் மண்வெட்டியோடு போவது தெரிந்தது. "ஏய், மடைய ஒடைக்காத!" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் செடியும் இரண்டு நாளாகக் காய்ந்ததுதான்.

வரப்பு ஏறும்போது பெரியவர் திரும்பிப் பார்த்தார். நைனா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"யோவ் பூசாரி! மணி அடிக்குது, இன்னா பாத்துக்கினு ஒக்காந்திருக்கற? போய்க் கற்பூரம் ஏத்துய்யா!"

நைனா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஓடினோம். நான் பூட்டைப் பிடித்துக்கொண்டேன், அவர் சாவியைத் திருப்பினார். மெஷினில் நட்டு பாதிக் கம்பியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கற்பூரம் ஏறியது. அவர் தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போது, கொல்லைப் பக்கமிருந்து ஒவ்வொரு கிணறாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குப் பூசைக்கு நின்றது நானும், மண்டபத்துக்கு வெளியே பாயும் மட்டும்தான். ஆனால் அவ்வளவு பேர் சேர்ந்து கும்பிட்ட பூசையை அந்தக் கோயிலில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மணி நின்றது. நைனா வெளியே வந்து எனக்குத் தீபத்தைக் காட்டினார். பிறகு பாயைப் பார்த்தார்.

"பாய், சாயங்காலத்துக்கு வேற மோட்டார் போட்டுக் குடு. இதுல மட்டும் கைய வெக்காத."

"வெக்க மாட்டேண்ணே" என்றார் பாய்.

நைனா தட்டைக் கீழே வைத்தார். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு, அவர் இருந்தவரை, அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.